கல்லாவில் எழுதப்படும் மருந்துச்சீட்டு

"அண்ணே, நீர்க்கடுப்புக்கு மாத்திரை குடுங்க." திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் மருந்துக்கடை வாசலில் பெண்கள் தாழ்ந்த குரலில் கேட்பது இது. கடைக்காரர் சீட்டு கேட்பதில்லை. அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துத் தருகிறார். மருந்தின் பெயர் உள்ள பகுதி கடையிலேயே தங்கிவிடுகிறது. என்ன மருந்து சாப்பிட்டோம் என்பதைப் பின்னர் மருத்துவரிடம் சொல்லக்கூட அந்தப் பெண்ணுக்கு வழியில்லை.

சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்னும் குடல்வாழ் பாக்டீரியா. தேவையின்றியோ அரைகுறையாகவோ உட்கொள்ளும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் அதில் எளியவற்றைக் கொன்று, வலியவற்றை மிச்சம் வைக்கிறது. நார்பிளாக்ஸசின் வகை மருந்துகளும் செபிக்ஸிம் வகை மருந்துகளும் ஈ.கோலையிடம் பெருமளவு தோற்றுவிட்டதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. நைட்ரோபுரன்டாயின் போன்ற ஓரிரு பழைய மாத்திரைகளே இன்னும் பெரிதும் கைகொடுக்கின்றன. அவையும் போனால் சாதாரண நீர்க்கடுப்புக்கே ஊசியும் படுக்கையும் தேவைப்படும். கர்ப்பிணிக்குத் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறினால், குறைமாதப் பிரசவம் வரை போகலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆன்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது. செபிக்ஸிம் உள்ளிட்ட 46 மருந்துகளை அடக்கிய எச்1 அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு காக்க வேண்டும் என்கிறது விதி. ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்காக இந்திய மருத்துவர்கள் 2012இல் கூடிக் குரல் கொடுத்ததும் நம் சென்னையில்தான். சீட்டின்றி விற்கும் கடைகளைப் பிடிக்க 2024இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று களம் இறங்கியதோ கேரளம். இந்த வேறுபாடு தமிழக அரசுக்குப் பெருமை தருவதல்ல.

கடைக்குப் போகும் பெண்ணைக் குற்றவாளியாக்க நாம் உடன்படவில்லை. திருச்சி என்.எஸ்.பி. சாலை ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்று விற்கும் பெண்ணுக்கு உட்காரும் உரிமையையே 2021இல்தான் சட்டம் வழங்கியது. கழிப்பறைக்குப் போக நேரம் கிடைக்காது என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பவர், மருத்துவமனை வரிசையில் நிற்க ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். நாம் குற்றம்சாட்டுவது, தெரிந்தே விற்கும் கடைக்காரரையும், பதிவேட்டைப் புரட்டிப் பார்க்காத மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையையும். சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பாமலே வலுவான மருந்தை எழுதித் தள்ளும் மருத்துவர்களும் இதில் தப்ப முடியாது.

நகர ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை நேரத்திலும் பெண்கள் சிறுநீர் மாதிரி கொடுக்க வழி செய்ய வேண்டும். முடிவு செல்பேசிக்கு வர வேண்டும். மருந்து ஆய்வாளர்கள் பதிவேட்டையும் கொள்முதல் ரசீதையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கணக்கு உதைக்கும் கடையின் உரிமத்தை நிறுத்தி வைக்க, இருக்கும் சட்டமே போதும்.