அறுத்தெறிந்த நான்கு கம்பிகள்

துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கூண்டு கரையில் நிற்பவர் கண்ணுக்குத்தான் தெரியும். கடலுக்குள் போனவருக்கு வயர்லெஸ்தான் கூண்டு. அந்த நினைப்பு வந்ததும் மனம் தூத்துக்குடி நண்பரின் லாஞ்சுக்குப் போய்விட்டது.

மர லாஞ்சு. மூன்று மைல் தாண்டினால் வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும்தான். செட்டையே இரண்டு முறை மாற்றிவிட்டார். சனிக்கிழமை நான் கேபின் மேல் ஏறிப் பார்த்தேன். ஆன்டெனா நின்றது, மொட்டையாக. அடியில் குடைக்கம்பிபோலச் சாய்ந்திருக்க வேண்டிய நான்கு கம்பிகளையும் யாரோ ரம்பத்தால் அறுத்திருந்தார்கள்.

“வலையில சிக்குது அண்ணாச்சி, அதான் அறுத்துட்டோம். மேல நிக்கிற கம்பிதானே பேசுது?” என்றார் டிரைவர்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பழைய ஆதங்கம் தெரியும். பிளக்கில் மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டு, இரண்டு ஓட்டைப் பிளக்பாயின்டில் ஃபிரிட்ஜைச் செருகுகிற வீடுகளைப் பற்றி எத்தனை முறை எழுதியிருப்பேன்! அந்தப் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதே, மின்சாரம் வருமுன் எர்த் சேர்ந்துவிட வேண்டும் என்பதற்காக. வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாததால் வேண்டாதது என்று நினைத்துவிடுகிறோம்.

வானொலியே எர்த்தில்தான் வளர்ந்தது. 1895-இல், இத்தாலியில் பொலோனியா அருகே தன் வீட்டுத் தோட்டத்தில், மார்க்கோனி கருவியின் ஒரு முனையை உயரத்தில் ஏற்றி, மறு முனையை மண்ணுக்குள் இறக்கினார். அதுவரை சில நூறு மீட்டரில் நின்ற அலை, குன்றைத் தாண்டிச் சுமார் 2 கிலோமீட்டர் போனது. அந்தப் பக்கம் நின்ற அண்ணன் துப்பாக்கியால் சுட்டுத் தகவல் சொன்னாராம். இருபத்தோரு வயதுப் பையன், மண்ணை ஆன்டெனாவின் மறுபாதி ஆக்கிவிட்டான்! எனக்கு இதை எத்தனை தரம் சொன்னாலும் அலுக்காது.

படகில் மண் இல்லை. ஆனால் உப்புத் தண்ணீர் மண்ணைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். நெடுந்தூரம் பேசும் ஹெச்.எஃப். செட்டுக்குச் செப்புப் பட்டை இழுத்து, அடிப்பலகையில் பதித்த செப்புத் தகட்டில் சேர்த்தால் கடலே எர்த். நண்பரின் லாஞ்சில் இருந்தது வி.ஹெச்.எஃப். அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளத்தில் கால் பங்கு 48 சென்டிமீட்டர். மேலே ஒரு 48, கீழே நான்கு 48. அந்த நான்கும் சேர்ந்துதான் மரக் கேபினில் ஆன்டெனாவுக்குத் தரை. காரின் தகரக் கூரையில் ஒற்றைக் கம்பி போதும். பலகை மேல் போதாது.

நான்கு பித்தளைக் கம்பிகள் வாங்கி வந்தோம். வலைக்கு எட்டாதபடி ஆன்டெனாவை ஜி.ஐ. பைப்பில் இன்னும் இரண்டு மீட்டர் உயர்த்தினோம். கேபிள் முனையைக் கழற்றினால் உள்ளே செம்பெல்லாம் பச்சைக் களிம்பு. அந்தத் துண்டை வெட்டிவிட்டு, புதுக் கனெக்டரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினோம்.

கூண்டு இறங்கியதும் லாஞ்சு கிளம்பியது. கரையில் இன்னொரு செட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பத்து மைலுக்கு அப்பாலிருந்து டிரைவரின் குரல், பக்கத்துத் திண்ணையில் பேசுவதுபோல: “அண்ணாச்சி, கேக்குதா?”