ஓர் இசைத்தட்டும் பல செவிகளும்

மாந்தர் முகம் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. அவர்தம் சுவையும் அவ்வாறே. ஒரே பாகற்காய்க் கறியை ஒருவர் விரும்பி உண்கிறார். அருகில் அமர்ந்திருப்பவர் அதனை இலையின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கிறார். கறி ஒன்றே, நா வேறு. இசைக்கும் இது பொருந்தும். ஒரே பாட்டு ஒருவர் கண்ணில் நீரை வருவிக்கிறது. மற்றொருவர்க்குக் கொட்டாவியை வருவிக்கிறது. இவ்வேறுபாடு இயற்கையானது. இதனை ஒழிக்க எவராலும் இயலாது. ஒழிக்க வேண்டுவதும் இல்லை. ஆயினும், சுவை வேறுபடும்போது ஒருவரோடொருவர் எவ்வாறு பேசுகின்றனர் என்பதில் மக்களின் பண்பும் கல்வியும் வெளிப்படுகின்றன. "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது ஒன்று. "அது தகுதியற்றது" என்பது வேறொன்று. முன்னது சுவை, பின்னது தீர்ப்பு. சுவைக்குக் காரணம் வேண்டுவதில்லை. தீர்ப்புக்கோ காரணம் இன்றியமையாதது.

சென்னைக்கு மேற்கே, ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் பருத்திப்பட்டு. அவ்வூர் ஏரியின் கரையில் இன்று நடைபாதை அமைந்துள்ளது. காலையும் மாலையும் அங்கு உலாவுவோருள் சிலர் செவியில் சிறு ஒலிக்கருவியை அணிந்து செல்வர். ஒருவர் செவியில் நாதசுரம். ஒருவர் செவியில் திரைப்பாட்டு. இன்னொருவர் செவியில் மேலைநாட்டுக் கிதாரின் முழக்கம். முன்னாளில் கச்சேரி கேட்க விரும்பியோர் அது நடக்கும் இடத்திற்குச் செல்ல வேண்டும். இந்நாளிலோ, கச்சேரியே கேட்போரைத் தேடி ஏரிக்கரைக்கு வருகிறது. எளிதிற் கிடைத்த பொருளைப் பற்றி எளிதிற் தீர்ப்புக் கூறிவிடுதல் மனித இயல்பு. பத்து நொடி கேட்டுவிட்டுப் பாட்டைத் தள்ளும் விரல், அப்பாட்டை ஆக்கிய கலைஞனையும் உடன் தள்ளிவிடுகிறது. ஆதலின், ஓர் இசைத்தட்டைக் குறித்து எழுந்த மாறுபட்ட கருத்துகளை ஆராய்வது இக்காலத்து இளைஞர்க்குப் பயன் தரும். அத்தட்டு கடல் கடந்த நாட்டில் பதிவானது. ஆயினும் அதிலே தமிழர் வாசித்த கடத்தின் ஒலியும் கேட்கிறது.

ஜான் மெக்லாக்லின் என்பவர் இங்கிலாந்து நாட்டில் யார்க்ஷயர்ப் பகுதியில் 1942ஆம் ஆண்டு பிறந்த கிதார்க் கலைஞர். அவர் 1969இல் அமெரிக்கா சென்று, மைல்ஸ் டேவிஸ் என்னும் பெரும்புகழ் பெற்ற ஜாஸ் இசைஞரின் இசைத்தட்டுகளில் வாசித்தார். 1971இல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்னும் குழுவை அமைத்தார். ஜாஸ் இசையின் நுட்பமும் ராக் இசையின் முழக்கமும் அக்குழுவில் ஒன்றுசேர்ந்தன. மின்கிதாரின் ஓசை ஒலிபெருக்கி வழியே இடியென எழும். முரசங்கள் அதனோடு போட்டியிடும். 1973இல் நியூயார்க் நகரத்துச் சென்ட்ரல் பார்க்கில் மக்கள் முன் நிகழ்ந்த அவர்தம் கச்சேரி இசைத்தட்டாகவும் வெளிவந்தது. அவ்வேகத்திற்கும் முழக்கத்திற்கும் மனத்தைப் பறிகொடுத்த இளைஞர் பலராவர்.

கலைஞர் அம்முழக்கத்தோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் அவர் வீணை பயின்றார். கருநாடக இசையின் இராகமும் தாளமும் அவர் உள்ளத்தை ஈர்த்தன. அதன் விளைவாக எழுந்ததே 'சக்தி' என்னும் குழு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கர் வயலின் வாசித்தார். இந்துஸ்தானி மரபில் வந்த ஜாகிர் உசேன் தபலா வாசித்தார். சென்னையைச் சேர்ந்த டி. எச். விநாயக்ராம் கடம் வாசித்தார், இராமநாதபுரம் வி. இராகவன் மிருதங்கம் வாசித்தார். 1975ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள், நியூயார்க் மாநிலத்து லாங் தீவிலுள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் இக்குழுவின் கச்சேரி நடைபெற்றது. அதுவே பதிவாகி 1976இல் இசைத்தட்டாக வெளிவந்தது. அத்தட்டில் மூன்றே உருப்படிகள் உள்ளன. முதலாவது ஏறத்தாழப் பதினெட்டு நிமிடம். இரண்டாவது ஐந்து நிமிடத்திற்கும் குறைவு. மூன்றாவது இருபத்தொன்பது நிமிட அளவில் ஒரு பக்கம் முழுவதையும் நிறைத்து நிற்கிறது.

இத்தட்டில் மின்கிதார் இல்லை, இடிமுழக்கமும் இல்லை. மரத்தாலாகிய கிதார் ஒன்றே உண்டு. வீணையில் எழும் கமகத்தைக் கிதாரில் எழுப்புதல் எளிதன்று. ஆதலின் மெட்டுகளுக்கு இடையே பள்ளமாகச் செதுக்கிய கிதார் ஒன்றைச் சக்திக் குழுவின் காலத்தில் மெக்லாக்லின் கையாண்டார். உடன் ஒலிக்கும் ஏழு தந்திகளும் அதில் குறுக்கே பொருத்தப்பட்டன. தாம் பெற்ற புகழுக்குக் காரணமான கருவியைக் கீழே வைத்துவிட்டு, புதிய மொழியைக் கற்கும் மாணவனைப் போல் ஒரு கலைஞர் அவையேறினார் எனலாம்.

இத்தட்டைக் கேட்டோர் ஒருமுகமாய் இல்லை. மின்கிதாரை நேசித்த பழைய அன்பர் பலர் ஏமாற்றமடைந்தனர். "முழக்கம் எங்கே? பெருமுரசு எங்கே? எவரைக் கேட்க வந்தோமோ அவர் இங்கில்லையே!" என்பது அவர்தம் குறை. கருநாடக இசை மரபில் தோய்ந்த செவிகளுக்கு வேறொரு குறை தோன்றும். "இராகத்தின் முழு உருவம் நிதானமாக விரியவில்லை; வேகமும் கணக்குமே மேலோங்கி நிற்கின்றன; இதனைக் கச்சேரி என்பது எவ்வாறு பொருந்தும்?" என்பது அவர்தம் வினா. வேறு சிலரோ இத்தட்டைத் தலைமேற் கொண்டனர். "கிதாரும் வயலினும் ஒன்றையொன்று துரத்திச் சென்று ஓரிடத்தில் கைகோக்கின்றன, வடநாட்டுத் தபலா வினவுகிறது, தென்னாட்டுக் கடம் விடையிறுக்கிறது, இத்தகைய உரையாடலை முன்னர்க் கேட்டதில்லை" என்பது அவர்தம் மகிழ்ச்சி.

இம்மூவருள் எவர் கூற்று மெய்? அவ்வாறு வினவுவதற்கு முன், ஒவ்வொருவரும் கையில் எடுத்த அளவுகோல் யாது என்று காணல் வேண்டும். முதலாமவர் கலைஞரின் முந்திய படைப்பால் இப்படைப்பை அளந்தார். இரண்டாமவர் ஒரு மரபின் இலக்கணத்தால் அளந்தார். மூன்றாமவர் தம் வியப்பால் அளந்தார். நெல்லை மரக்காலால் அளப்பர். துணியை முழத்தால் அளப்பர். முழக்கோலால் நெல்லை அளந்துவிட்டு நெல் குறைகிறது என்று கூறுதல் அறிவுடைமை ஆகாது. எந்தப் படைப்பையும், அது செய்ய முற்பட்டது யாது என்று முதற்கண் கேட்க வேண்டும். அதனை அது செவ்வனே செய்ததா என்று அடுத்துக் கேட்க வேண்டும். அது செய்யத் தக்கதுதானா என்று இறுதியிற் கேட்கலாம். சக்திக் குழு இடிமுழக்கம் செய்யப் புறப்பட்டதன்று; முழுமையான கருநாடகக் கச்சேரி செய்யவும் புறப்பட்டதன்று. வெவ்வேறு மரபினர் ஒரே மேடையில் அமர்ந்து உரையாட இயலுமா என்று காணவே அது புறப்பட்டது. அவ்வுரையாடல் நன்கு நிகழ்ந்ததா என்பதே முறையான வினா. உரையாடலே வேண்டாம் எனக் கருதுவோர் அதற்குக் காரணம் கூறலாம். ஆனால் அதனைக் கலைஞரின் திறமைக்குறைவு என்று கூறலாகாது.

இங்கு மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுதல் தகும். ஒலிப்பதிவு அறையில் உருவாகும் தட்டு வேறு. அவையோர் முன் பதிவாகும் தட்டு வேறு. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட இயலும். அக்காலத்து வித்துவான்கள் தம் கடலனைய இசையை அச்சிறு சிமிழுக்குள் அடக்க வேண்டியிருந்தது. பின்னாளில் ஒலிப்பதிவு அறையில் ஒரே பகுதியைப் பன்முறை வாசித்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் வந்தது. அவ்வாறு ஆகிய தட்டு மெருகேற்றிய அணிகலன் போன்றது. அவையோர் முன் வாசிக்கும்போதோ அவ்வசதி இல்லை. விட்ட சுரம் விட்டதே; தொட்ட சுரம் தொட்டதே. ஆனால், கேட்போரின் ஆர்வம் கலைஞரை உந்துகிறது. முன்னர் எண்ணாத சங்கதி அந்நொடியிலே பிறக்கிறது. சிறு வழு நேர்ந்தாலும் உயிர்த்துடிப்பு மிகுகிறது. இதனை அறிந்த சுவைஞர், கச்சேரிப் பதிவில் மெருகைத் தேடி ஏமாறமாட்டார். உயிரைத் தேடிப் பெறுவார்.

குணத்தையும் நாடுக, குற்றத்தையும் நாடுக, இரண்டனுள் மிகுதியானதை நாடிக் கொள்க என்பது வள்ளுவர் வகுத்த நெறி. மனிதரை மதிப்பிட அவர் கூறிய நெறி கலையை மதிப்பிடவும் உதவும். இத்தட்டில் வேகம் மிகுதி என்பார் குற்றம் நாடினர், அது தவறன்று. ஆயின் அதே தட்டின் இரண்டாம் உருப்படியையும் அவர் கேட்க வேண்டும். தாமரைத் திருவடி என்னும் பொருளுடைய பெயர் கொண்ட அவ்வுருப்படி, அமைதியான நீரோட்டம் போல மெல்ல நடக்கிறது. அதனைக் கேட்ட பின்னும், "வேகமே விஞ்சுகிறது" என்று அவர் கூறுவாராயின், அக்கருத்துக்கு மதிப்பு உண்டு. ஏனெனில் அஃது ஆராய்ந்து கூறிய கருத்து. அவ்வாறே இத்தட்டைப் போற்றுவோரும், குறை கூறுவோரைப் பழமைவாதிகள் என்று இகழ்தல் தகாது.

ஏரியை நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். கரையில்லாத நீர் ஏரியாகாது, வழிந்தோடி வீணாகும். வரத்துக்கால் அடைபட்ட ஏரியோ கோடையில் வற்றிப் பாளம் பாளமாய் வெடிக்கும். மரபைக் காக்கும் சுவைஞர் கரையைக் காப்பவர். புதுமையை வரவேற்கும் சுவைஞர் வரத்துக்காலைத் தூர்வாருபவர். கலைக்கு இருவரும் வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பகைவரெனக் கருதினால், ஏரிக்கே கேடு. பழைய முழக்கத்தையே மீண்டும் மீண்டும் கேட்போம் என்று அன்பர் கூட்டம் வற்புறுத்த, அதற்குக் கலைஞர் அஞ்சி ஒடுங்கியிருப்பின், அந்த 1975ஆம் ஆண்டுக் கச்சேரி நிகழ்ந்தே இராது. மரபறிந்த வித்துவான்கள் துணைநில்லாதிருப்பின், அம்முயற்சி வெறும் விளையாட்டாய் முடிந்திருக்கும்.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. சில ஆண்டுகளில் கலைந்த அக்குழு, 1990களின் பிற்பகுதியில் மீண்டும் எழுந்தது. மாண்டலின் யு. ஸ்ரீனிவாசும், விநாயக்ராமின் மைந்தர் செல்வகணேசும் அதில் பங்குகொண்டனர். 2023இல் வெளிவந்த சக்திக் குழுவின் இசைத்தொகுப்பு 2024இல் கிராமி விருது பெற்றது. முதற்றட்டில் தபலா வாசித்த ஜாகிர் உசேன் அவ்விருதைக் கண்டபின், அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார். விருது கிடைத்தமையால், அன்று முகம் சுளித்தோர் அனைவரும் பிழைபட்டோர் என்று ஆகிவிடாது. விருது சுவையை மாற்றுவதில்லை. ஆயினும், உடனடித் தீர்ப்புக்கு இருக்கும் ஆயுள் குறைவு என்பதைக் காலம் காட்டுகிறது. இசை நிலைத்து நிற்கிறது. முதல் நாளில் அதன்மேல் எழுந்த கூச்சல் அடங்கிவிடுகிறது.

ஆகவே, இளஞ்சுவைஞர் கைக்கொள்ளத் தக்க முறை இது: முதலில் முழுவதும் கேட்டல், பின்னர் மீண்டும் கேட்டல், அதன்பின் காரணத்தோடு பேசுதல், மாறுபட்டவர் காரணத்தையும் பொறுமையோடு கேட்டல். இசையைக் கேட்கப் பழகிய செவி, நாளடைவில் மனிதரின் பேச்சையும் கேட்கப் பழகும். வீட்டிலும் ஊரிலும் நாட்டிலும் மாறுபட்ட கருத்துடையோர் பகையின்றி வாழ்வதற்கு அப்பழக்கமே அடிப்படை. ஓர் இசைத்தட்டைப் பற்றி நாகரிகமாக மாறுபடத் தெரிந்தவர், பெரிய செய்திகளிலும் நாகரிகமாக மாறுபடுவர்.