நூறு கிராமும் நமது பல்கலைக்கழகங்களும்

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. பெண்களுக்கான 50 கிலோ மல்யுத்தத்தில் இறுதிப் போட்டி வரை வந்த வினேஷ் போகட், அன்று காலை எடை பார்த்தபோது 100 கிராம் கூடுதலாக இருந்தார். தகுதி இழந்தார். கைக்கு எட்டிய பதக்கம் கிடைக்கவில்லை.

நூறு கிராம் என்பது அரை டம்ளர் தண்ணீரின் எடை. நாடு முழுவதும் கண்ணீர் விட்டது. யார் குற்றம் என்று பல நாட்கள் வாதம் நடந்தது. அந்த வாதத்தில் இறங்குவது நமது நோக்கமல்ல. ஆனால் அந்த அரை டம்ளர் தண்ணீருக்குப் பின்னால் ஒரு பெரிய விஞ்ஞானம் இருக்கிறது. எடையைக் குறைத்த உடம்பு, சாப்பிட்டதும் குடித்ததும் எவ்வளவு எடையைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும்? ஓர் இரவில் எவ்வளவு வியர்வை வெளியேறும்? இது ஆளுக்கு ஆள் மாறுபடும். போட்டிக்கு முதல் நாள் இரவில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. பல மாதங்கள் அளந்து பார்த்துக் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

இப்படி அளந்து பார்ப்பதைத்தான் விளையாட்டு விஞ்ஞானம் என்கிறார்கள். நம்மவர்களில் பலர் இதை டிரில் வாத்தியார் படிப்பு என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஓடும் ஒருவரின் முகத்தில் முகமூடி பொருத்தி, அவர் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறார் என்று அளப்பது இதில் ஒரு பகுதி. குதித்து இறங்கும்போது முழங்காலில் எத்தனை பாரம் விழுகிறது என்று கணக்கிடுவது இன்னொரு பகுதி. உணவு, மனநிலை, காயம் வராமல் தடுப்பது ஆகியவை தனித்தனிப் பாடங்கள். உடற்கூறும் பௌதிகமும் கணிதமும் தெரிந்தால்தான் இவற்றைக் கற்க முடியும்.

இந்த விஞ்ஞானத்துக்கும் உழைப்பாளி வர்க்கத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஏ.வி.ஹில் என்ற ஆங்கிலேயர், தசை வேலை செய்யும்போது உண்டாகும் வெப்பத்தை ஆராய்ந்து 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். தாம் ஓடும்போது வெளிவிடும் மூச்சைப் பையில் பிடித்துச் சோதித்தவர் அவர். 1927-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் களைப்பை ஆராயவே ஓர் ஆய்வுக்கூடம் திறந்தார்கள். 1947 வரை அது இயங்கியது. ஓட்டக்காரர்களை மட்டும் அவர்கள் ஆராயவில்லை. ஹூவர் அணை கட்டும் இடத்தில் 1931 கோடையில் வெயில் தாங்காமல் தொழிலாளர்கள் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஹார்வர்டு ஆய்வாளர்கள் அங்கே போய், தொழிலாளர்களின் வியர்வையில் உப்பு எவ்வளவு போகிறது என்று அளந்தார்கள். தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும் என்று சொன்னார்கள். பந்தய வீரனுக்கும் மூட்டை தூக்குபவனுக்கும் வியர்வை ஒன்றுதான்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பி.என்.சாஹாவும் அவருடைய சகாக்களும் 1979-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தியத் தொழிலாளி எவ்வளவு பாரம் தாங்கலாம் என்று கணக்கிட்டது. ஒருவர் எடுக்கக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜனில் சுமார் 35 சதவீதம் செலவாகும் வேலையைத்தான் நாள் முழுவதும் செய்யலாம் என்று அது கூறியது. தாராவிக்குப் பக்கத்தில் சயானில் இருக்கும் மத்திய தொழிலாளர் நிறுவனமும் உழைப்பின் உடலியலை ஆராயும் இடம்தான். அந்தக் கட்டிடத்தைத் தாண்டித் தினமும் போகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இனி விஷயத்துக்கு வருவோம். விளையாட்டு விஞ்ஞானப் புத்தகங்களில் உள்ள அளவுகளில் பெரும்பாலானவை மேல்நாட்டு இளைஞர்களை அளந்து எழுதப்பட்டவை. அந்த அளவு நமக்கு அப்படியே பொருந்தாது. ஒரே உயரமும் எடையும் கொண்ட ஐரோப்பியரை விட இந்தியருக்குக் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கிறது என்று ஆய்வுகள் கூறுகின்றன. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆக்சிஜனைச் சுமப்பது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அது குறைவாக உள்ள பெண்ணிடம் இன்னும் வேகமாக ஓடு என்று அதட்டி என்ன பயன்? முதலில் அவள் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

மும்பையின் புழுக்கத்தையும் பாருங்கள். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. புதிதாக வெப்பத்துக்கு வருகிறவர்கள் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய பிறகு வியர்வை சீக்கிரம் வரும். அதில் போகும் உப்பு குறையும். நெஞ்சுத் துடிப்பு தணியும். இது தெரிந்த பயிற்சியாளர் மே மாதத்தில் முதல் நாளே பையன்களை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட விடமாட்டார்.

படிக்க இடம் இல்லாமல் இல்லை. சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி 1920 முதல் இருக்கிறது. குவாலியரில் 1957-இலும், பாட்டியாலாவில் 1961-இலும் தேசிய நிறுவனங்கள் வந்தன. தமிழ்நாட்டில் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அமைந்தது. மணிப்பூரில் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு 2018-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மராட்டியச் சட்டமன்றமும் புனேயில் சர்வதேச விளையாட்டுப் பல்கலைக்கழகம் அமைக்க 2020 டிசம்பரில் மசோதா நிறைவேற்றியது. இவை வரவேற்கத்தக்கவை.

ஆனால் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. ஆராய்ச்சி மாணவர் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் முப்பது பேரை அளந்து ஓர் ஏடு எழுதிப் பட்டம் வாங்குகிறார். அந்த ஏடு அலமாரிக்குப் போகிறது. முழங்கால் வலியோடு ஓடும் பதினாறு வயதுப் பையனுக்கு எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போடுவதோடு சரி. வலி தீருமுன் மறுபடி ஓட விடுகிறார்கள். இரண்டு ஆண்டில் அவன் ஓட்டம் முடிந்துவிடுகிறது.

இதில் அதிகம் இழப்பவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான். ரயில்வேயிலும் வங்கியிலும் துறைமுகத்திலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்று, ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்திய பிள்ளைகளை நாம் அறிவோம். காலை 4 மணிக்கு எழுந்து இட்லி அவிக்கும் தாய்க்கு மகனின் கால்கள்தான் சொத்து. வசதி உள்ளவர் பிள்ளைக்குக் காயம் பட்டால் தனி நிபுணர் வருவார். நம் பிள்ளைக்கு அரசும் பல்கலைக்கழகமும்தான் கதி.

எனவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவதாக, அரசுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு விளையாட்டு ஆய்வுக்கூடமும் வாரத்தில் ஒரு நாளாவது சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் திறந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சோதனையும் ஆலோசனையும் கிடைக்கும். ஆராய்ச்சியாளருக்கு நம் நாட்டு அளவுகள் கிடைக்கும். இரண்டாவதாக, மாவட்டந்தோறும் விளையாட்டு விஞ்ஞானம் படித்தவர்களுக்கு நிரந்தரப் பதவிகள் வேண்டும். படித்தவருக்கு வேலை இல்லையென்றால் அந்தப் படிப்புக்கு யார் வருவார்கள்? மூன்றாவதாக, புனேப் பல்கலைக்கழகம் பெயர்ப் பலகையோடு நின்றுவிடக் கூடாது. தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே உதவித்தொகையும் விடுதியும் இருக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பன்னிரண்டாம் வகுப்பில் விஞ்ஞானம் படித்த மகளோ மகனோ இந்தப் படிப்பைக் கேட்டால், விளையாட்டுத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். சேர்க்குமுன் விசாரியுங்கள். பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா? ஆய்வுக்கூடம் உண்மையில் இயங்குகிறதா? முன்பு படித்து முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

2036 ஒலிம்பிக்கை நடத்த விருப்பம் தெரிவித்து 2024 அக்டோபரில் இந்தியா கடிதம் கொடுத்திருக்கிறது. அதில் ஓடப்போகும் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அரங்கங்களைச் சில ஆண்டுகளில் கட்டிவிடலாம். ஒரு தலைமுறையின் உடம்பை அளந்து, அறிந்து, காயமில்லாமல் வளர்ப்பதற்கு அதைவிட அதிக காலம் பிடிக்கும். அந்த வேலையைப் பல்கலைக்கழகங்கள் இன்றே தொடங்க அரசுகள் ஆவன செய்ய வேண்டும்.