பிள்ளையைத் துரத்தினால் யாரிடம் போவான்?

மாலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு நேரே எங்களிடம் வந்தார் ஒரு தாய். மகனின் பாடசாலைக் காற்சட்டைப் பையில் இருந்ததாகச் சொல்லி ஒரு சிறு பொட்டலத்தை நீட்டினார். "சேர், இது என்னான்னு பாருங்க. அவங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க" என்றார். கஞ்சா. பையன் பத்தாம் தரம் படிக்கிறான்.

அந்தத் தாய்க்கு இருந்தது ஒரு பயமல்ல. கணவன் அடிப்பார், பாடசாலை விலக்கிவிடும், பொலிஸ் வரும், லயமெல்லாம் பேசும். இந்தப் பயங்களால்தான் நம் பெற்றோர் விஷயத்தை மூடி மறைக்கிறார்கள். விற்பவனுக்கு வேண்டியதும் அதுதான்.

"அது மூலிகைதானே" என்று பிள்ளைகள் எங்களிடமே வாதாடுகிறார்கள். ஆயுர்வேத மருந்துகளில் கஞ்சா சேர்வது உண்மை. வைத்தியர் அளந்து கொடுக்கும் மருந்து வேறு, பதினைந்து வயதில் பாலத்தடியில் இழுக்கும் புகை வேறு. தொடர்ந்து பாவித்தால் ஞாபகமும் கவனமும் குறையும். ஓ.எல். எழுதப்போகும் பிள்ளைக்கு வேறு என்ன மூலதனம் இருக்கிறது? நம் நாட்டுச் சட்டப்படி கஞ்சாவைக் கையில் வைத்திருப்பதே குற்றம். ஒரு வழக்கு விழுந்தால், நாளை வெளிநாடு போக பொலிஸ் சான்றிதழ் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

இதனால்தான் சொல்கிறோம்: பிடிபட்ட பிள்ளையைப் பாடசாலையிலிருந்து துரத்தக் கூடாது. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது இந்த நாட்டின் விதி. "பெயரை வெட்டிக்கொண்டு போங்கள்" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால், காலையில் அம்மா மலைக்கும் அப்பா கொழும்புக்கும் போன பிறகு, அந்தப் பையனுக்காகக் காத்திருப்பது பொட்டலக்காரன் மட்டுமே.

நம் பக்கத்துப் பிழையையும் பேசுவோம். அப்பாவின் சாராயத்துக்குத் தவறணைக்கு ஓடுவது யார்? நம் பிள்ளைதான். மே தினத்துக்கு பஸ் ஏறும்போது போத்தலும் கூடவே ஏறுகிறது. அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு நாம் என்ன புத்தி சொல்வது?

தோழர்களே, சம்பளத்துக்காகக் கூடும் நாம் இதற்காகவும் கூட வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாதர் அணியும் இந்த மாதமே மூன்று காரியம் செய்யட்டும். பாடசாலை விட்ட பின் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஓர் அறையும் விளக்கும், விளையாட ஒரு மைதானமும் வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கட்டும். விற்பவன் யார் என்று தெரிந்தால் தலைவரும் கமிட்டியும் சேர்ந்தே பொலிஸில் முறையிடட்டும். ஒரு தாயைத் தனியே அனுப்பக் கூடாது. பிடிபட்ட பிள்ளைக்காகப் பெற்றோருடன் அதிபரைச் சந்திக்க ஒருவர் பொறுப்பெடுக்கட்டும். ஆலோசனைக்கு தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற இலக்கங்களை லயத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

அந்தத் தாயுடன் நாங்களும் போய் அதிபரிடம் பேசினோம். பையன் இன்றும் வகுப்பில் இருக்கிறான். முழுதாக விட்டுவிட்டானா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் காலையில் பெயர் கூப்பிடும்போது "சேர்" என்று பதில் வருகிறது. அந்தக் குரல் நிற்காமல் பார்த்துக்கொள்வது சங்கத்தின் வேலை.