"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்!"

நம்மூர் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அடிக்கடி கேட்கிற வசனம் இது. ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் மகன் டாக்டரை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசுவார். "எங்ககிட்ட எதுவா இருந்தாலும் சொல்லுங்க சார். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார்." டாக்டரும் தலையாட்டுவார். அதற்கப்புறம் மருமகனுக்குத் தெரியும், சம்பந்திக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். உடம்புக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் "வயித்துல சின்னப் புண்ணு, மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்".

இதற்குப் பெயர் பாசமாம். கொஞ்சம் யோசித்தால் இதைவிடப் பெரிய திருட்டு இல்லை என்பது புரியும். திருடப்படுவது பணமோ நகையோ இல்லை. ஒரு மனிதருக்கு மிச்சமிருக்கிற நாட்களை எப்படிக் கழிப்பது என்று அவரே முடிவு செய்கிற உரிமை.

ஒரு அறுபது வயது விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரலில் புற்றுநோய், எலும்பு வரை பரவிவிட்டது. அவருக்குத் தெரிந்திருந்தால் என்னென்ன செய்திருப்பார்? பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிற தம்பியைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பார். சின்ன மகள் கல்யாணத்தை முன்னாடியே முடித்திருப்பார். நிலத்தை விற்று வைத்தியம் பார்க்கலாமா, வேண்டாமா என்பதை அவரே சொல்லியிருப்பார். தெரியாததால் என்ன நடக்கிறது? கீமோவுக்கு மேல் கீமோ. ஒரு நாள் ராத்திரி மூச்சுத் திணறல். ஐசியூ, தொண்டையில் குழாய், வென்டிலேட்டர். அதற்குப் பிறகு அவரால் பேச முடியாது. கேட்க வேண்டிய கேள்விகளை அப்போதுதான் எல்லோரும் கேட்க ஆரம்பிக்கிறார்கள், அதுவும் அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும்!

சாகிறவர் வாயில் ஒரு சொட்டுப் பால் ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். வாயில் குழாய் செருகி, கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிற ஐசியூவில் யார் பால் ஊற்றுவது? கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க ஐந்து நிமிஷம் கிடைத்தால் பெரிது.

சரி, சொல்லக் கூடாது என்பவர்களின் வாதங்கள்தான் என்ன?

முதல் வாதம்: "சொன்னால் மனசு உடைஞ்சிடும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2008-ல் ஜாமா இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, முற்றிய புற்றுநோயாளிகள் 332 பேரைக் கடைசி வரை பின்தொடர்ந்தது. தங்கள் இறுதிக்கால விருப்பங்களைப் பற்றி டாக்டரிடம் பேசியிருந்தவர்கள் 123 பேர். மனச்சோர்வோ கவலையோ இவர்களிடம் கூடுதலாகக் காணப்படவில்லை. பேசாதவர்களில் 11 சதவீதம் பேர் வென்டிலேட்டரில் போடப்பட்டார்கள். பேசியவர்களில் அது 1.6 சதவீதம்தான்.

2010-ல் இன்னொரு ஆய்வு. பாஸ்டனில் பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயுடன் இருந்த 151 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு சேர்த்து ஆரம்பத்திலிருந்தே பேலியேட்டிவ் கேர், அதாவது நோய் ஆதரவு சிகிச்சை. வலியைக் குறைப்பது, நோயைப் பற்றி மனம் விட்டுப் பேசுவது, நோயாளிக்கு எது முக்கியம் என்று கேட்டுத் திட்டமிடுவது எல்லாம் அதில் அடக்கம். இரண்டாவது கூட்டத்தில் மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளை வாங்கியவர்களும் அவர்களில் குறைவு. அப்படியும் அவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை 11.6 மாதம். வழக்கமான சிகிச்சைக்காரர்களுக்கு 8.9 மாதம். பேச்சு மட்டுமே ஆயுளைக் கூட்டியது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் பேசினால் சீக்கிரம் செத்துவிடுவார்கள் என்கிற பயம் எவ்வளவு பொய் என்பதற்கு இது போதாதா?

இரண்டாவது வாதம்: "அதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நம்ம கலாச்சாரம் வேற." அப்படியா? 1961-ல் சிகாகோவில் டாக்டர்களிடம் கேட்டபோது சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோய் இருப்பதை நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். 1979-ல் அதே மாதிரிக் கேள்வியை அமெரிக்க டாக்டர்களிடம் வைத்தபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டு வருஷத்தில் அமெரிக்கக் கலாச்சாரமா தலைகீழாக மாறிவிட்டது? மாறியது டாக்டர்களின் பழக்கம்.

நம் பெரியவர்களைப் பாருங்கள். "கை கால் நல்லா இருக்கும்போதே போய்ச் சேர்ந்திடணும், யாருக்கும் பாரமா படுக்கையில விழக்கூடாது" என்று சொல்லாத பாட்டி உண்டா? தன் காரியச் செலவுக்கென்று முந்தானையில் முடிந்து வைக்கிற கிழவிகள், "என்னை எங்கப்பன் பக்கத்துலயே பொதைங்க" என்று இடம் காட்டுகிற தாத்தாக்கள், எல்லோரும் நம்மூர்க்காரர்கள்தான். பேச்சை ஆரம்பிப்பது அவர்கள். "சும்மா இரும்மா, அபசகுனமா பேசாதே" என்று வாயை அடைப்பது படித்த பிள்ளைகள்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது: "சொத்துக்கு ஆசைப்பட்டோ, செலவுக்குப் பயந்தோ சொந்தக்காரர்களே முடித்துவிடுவார்கள்." நடக்கக் கூடியதுதான். அதனால்தான் நோயாளி தன் வாயால், தன் கையெழுத்தில் சொல்லி வைப்பது அவசியம். இன்றைக்கு என்ன நடக்கிறது? பணம் தீர்ந்த அன்று "இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்கிறார்கள். கேஸ் ஷீட்டில் 'மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். வலிக்கு மருந்தில்லாமல், வழி சொல்ல ஆளில்லாமல் ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். இதில் நோயாளியின் விருப்பம் எங்கே இருக்கிறது? எந்தச் சட்டம் அவரைக் காப்பாற்றுகிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. 'லிவிங் வில்' எழுதி வைக்க வழி பிறந்தது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்ற நிபந்தனையால் அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ போதும். எழுதியவர் தானே முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போன பிறகுதான் அது செல்லும். அப்போதும் இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இது கருணைக்கொலை இல்லை. ஊசி போட்டுக் கொல்வது இந்தியாவில் இன்றைக்கும் குற்றம்தான்.

ஆனால் வெறும் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பேச்சு இல்லாமல் கையெழுத்து மட்டும் வாங்கினால் அது இன்னொரு ஃபார்ம், அவ்வளவுதான். 2010-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், எண்பது வயதைத் தாண்டிய நோயாளிகளிடமும் குடும்பத்தாரிடமும் பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பின்னர் இறந்தவர்களில், அப்படிப் பேசியிருந்தவர்களில் 86 சதவீதம் பேருடைய விருப்பம் தெரிந்து மதிக்கப்பட்டது. பேசாதவர்களில் 30 சதவீதம்.

அந்தப் பேச்சு ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. உங்க நோயைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? இன்னும் எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க? எதை நினைச்சா பயமா இருக்கு? எது உங்களுக்கு ரொம்ப முக்கியம்? முடியாமப் போனா யார் உங்களுக்காகப் பேசணும்? கடைசியில எங்க இருக்கணும்? இவ்வளவுதான். ஒரே நாளில் கேட்டு முடிக்க வேண்டியதும் இல்லை. "எனக்கு எதுவும் சொல்லாதீங்க, பெரியவன்கிட்ட பேசிக்குங்க" என்று அவர் சொன்னால் அப்படியே விட்டுவிடலாம். அதுவும் அவர் எடுத்த முடிவு. அவரைக் கேட்காமலே 'தாங்க மாட்டார்' என்று மற்றவர்கள் முடிவு கட்டுவதுதான் அநியாயம்.

"எங்க சார் நேரம்? வெளியே நூறு பேஷன்ட் நிக்கறாங்க" என்பார்கள் டாக்டர்கள். உண்மைதான். அப்படியென்றால் நர்ஸுக்கும் சமூக சேவகருக்கும் பயிற்சி கொடுங்கள். கோழிக்கோட்டில் 1993-ல் சிலர் சேர்ந்து ஆரம்பித்த வலி தணிப்பு இயக்கம், தன்னார்வலர்களை வைத்தே வீடு வீடாகப் போனது. 2008-ல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து தரும் நோய் ஆதரவு சிகிச்சை இருக்கிறது. வீட்டு வாசல் வரை வருகிறவர்களுக்கு அந்த ஆறு கேள்விகளையும் கேட்கக் கற்றுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இதைப் படிக்கிறவர்களில் சிலர் நாளைக்கு டாக்டர் ஆகலாம். மகனாகவோ மகளாகவோ எல்லோருமே இருக்கிறார்கள். டாக்டராக இருந்தால், மகன் ஓரமாகக் கூப்பிடும்போது, "அப்பாவையே ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்று சொல்லுங்கள். மகனாக இருந்தால், அடுத்த தடவை பாட்டி "என் காலத்துக்கப்புறம்..." என்று ஆரம்பிக்கும்போது டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "சொல்லு பாட்டி" என்று பக்கத்தில் உட்காருங்கள்.