வெற்றுக் குலைக்கு விலை வந்தால் யாருக்கு லாபம்?

செம்பனை ஆலையில் பழம் உதிர்ந்த பின் மிஞ்சும் வெற்றுக் குலையைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 100 டன் பழக்குலை உள்ளே போனால், 20 டன்னுக்கு மேல் வெற்றுக் குலையாக வெளியே வரும். 2023-2030 தேசிய பயோமாஸ் செயல்திட்டத்தை அரசாங்கம் அறிவித்த பிறகு, இந்தக் கழிவின் மீது பலரின் பார்வை விழுந்துள்ளது. இதிலிருந்து எடுக்கக்கூடிய விலை உயர்ந்த பொருள்களில் ஒன்று, நானோ செல்லுலோஸ்.

தாவர நாரைப் பிரித்துக்கொண்டே போனால் கிடைக்கும் மிக நுண்ணிய இழை அது. ஜப்பானில் மரக்கூழிலிருந்து தயாரிக்கிறார்கள். தோக்கியோ பல்கலைக்கழகத்தின் அக்கிரா இசோகாய் குழுவினர், 'தெம்போ' என்ற வினையூக்கியின் உதவியால் இழைகளில் மின்னூட்டம் ஏற்றினர். ஒன்றையொன்று தள்ளும் இழைகள் குறைந்த சக்தியிலேயே பிரிந்துவிடுகின்றன. ஓர் இழையின் பருமன் 3 முதல் 4 நானோமீட்டர். தலைமுடியில் சுமார் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. நிப்பொன் பேப்பர் நிறுவனம் 2017-இல் இஷினோமாக்கியில் ஆண்டுக்கு 500 டன் தயாரிக்கும் ஆலையைத் திறந்தது.

அங்கே மரக்கூழ் முன்பே சுத்தமாக வெளுக்கப்பட்டது. நம் வெற்றுக் குலையிலோ எண்ணெய்ப் பிசுக்கு, மண், லிக்னின் எல்லாம் உண்டு. பாதிக்கு மேல் ஈரம். முதலில் அதைக் கூழாக்கவே செலவாகும். பிரித்தெடுத்த பிறகும் கிடைப்பது கூழ்மம்தான். அதில் நூற்றுக்கு ஓரிரு பங்கே இழை, மற்றது தண்ணீர். காயவைத்தால் இழைகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்படியே லாரியில் ஏற்றினால் தண்ணீருக்கும் சேர்த்து வாடகை.

வெற்றுக் குலை சும்மா கிடக்கும் குப்பையும் அல்ல. மரத்தடியில் பரப்பினால் ஈரம் காக்கும், பொட்டாசியம் தரும். அதை எடுத்துச் சென்றால் அந்த உரத்தை யாராவது காசு கொடுத்து வாங்கியாக வேண்டும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சிறுதோட்டக்காரர் பழக்குலையை விற்கும்போது, விலை எண்ணெய், பருப்பு அளவை வைத்தே கணக்கிடப்படுகிறது. வெற்றுக் குலைக்குத் தனிவிலை இல்லை. அது ஆலையோடு போய்விடுகிறது. நாளை அதுவே மூலப்பொருளானால், வருமானமும் ஆலைக்கே போகும்.

தொழில்நுட்பம் வரட்டும், வரவேற்போம். ஆனால் ஆலை கட்டிய பிறகு பங்கு கேட்பது கடினம். குலைக்கான விலைக் கணக்கில் நாருக்கும் ஓர் இடம் வேண்டும் என்று சிறுதோட்டக்காரர் சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும்.