செஞ்சோற்றுக் கடன்: யார் யாருக்குப் பட்டது?

யாகுசா படங்களைப் பற்றி நம் சிற்றிதழ் வட்டாரத்தில் எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு புலம்பல் தவறாமல் ஒலிக்கிறது. தலைவன் மூப்படைகிறான், பிடி தளர்கிறது, பழைய விசுவாசம் செத்துப்போகிறது என்று. நாங்கள் இதை ஏற்பதற்கில்லை. செத்துப்போவதற்கு அந்த விசுவாசம் எப்போது உயிரோடு இருந்தது?

1960களில் கென் தகாகுராவை வைத்து அடியாளின் அறத்தைப் போற்றும் படங்களாக எடுத்துத் தள்ளிய தோயே நிறுவனத்திலேயே, 1973இல் கின்ஜி ஃபுகசாகு 'ஜிங்கி நகி ததகாய்' எடுத்தார். ஜிங்கி என்னும் அந்தக் கூட்டத்தறம் இல்லை என்பதே தலைப்பு. யமமோரி என்னும் தலைவன் அடியாட்கள் முன் அழுகிறான். அந்தக் கண்ணீரே கொலைக்கு உத்தரவு. சிறைக்குப் போவது அடியாள், காசை எண்ணுவது தலைவன். முடிவில் ஹிரோனோ நண்பனின் இழவில் துப்பாக்கியை எடுத்துப் படையலைச் சுடுகிறான்.

நம்மவர்களோ 'தளபதி'யில் (1991) கர்ணனை அழைத்துவந்து செஞ்சோற்றுக் கடனுக்கு ஆரத்தி எடுத்தார்கள். இருபது ஆண்டு கழித்து வந்த தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011) மட்டுமே இங்கு ஃபுகசாகுவின் பக்கத்தில் நிற்கத் தகும். உடல் தளர்ந்த சிங்கப்பெருமாள், தன் தளர்ச்சியை வாய்விட்டுக் கேட்டுவிட்ட ஒரே காரணத்துக்காகப் பசுபதியைக் கொல்ல ஆளனுப்புகிறான். இதில் காவியச்சோகம் ஏதுமில்லை. கிழவனின் அற்பத்தனம்தான் இருக்கிறது. விசுவாசம் என்று ஒன்றை அப்படத்தில் தேடினால் அது எந்தக் கூட்டத்திலும் இல்லை. உதவாக்கரைத் தகப்பனை மீட்க அலையும் கொடுக்காப்புளி என்ற சிறுவனிடம் இருக்கிறது. (இதற்குத் தேசிய விருது கிடைத்தது, திரையரங்கில் ஆளில்லை. அது வேறு கதை.)

ஆலங்காயத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊருக்கு மேலே ஜவ்வாது மலை. ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போனது. பிழைப்பற்ற மலையூர்களிலிருந்து தரகர்கள் ஆள்பிடித்து ஆந்திரத்துக்குச் செம்மரம் வெட்ட அனுப்புகிறார்கள். ஜப்பானில் ஷாமிசென் என்னும் யாழுக்குத் தண்டு செய்ய உகந்ததாகக் கொண்டாடப்படுவதும் இந்த மரந்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் மாண்டனர்; ஜவ்வாது மலையாரும் அதில் உண்டு. மோதல் என்றது காவல்துறை, மனித உரிமை அமைப்புகள் மறுத்தன. செத்தவர்களில் பெருமுதலாளி ஒருவனும் இல்லை.

'புஷ்பா'வில் (2021) அதே மரத்தை வெட்டும் கூலி, தலைவனாக உயர்கிறான். அரங்கு அதிர்கிறது. அவன் தளரும் நாளில் நம் விமர்சகர்கள் அதற்கும் கண்ணீர் சிந்துவார்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

மூத்த தாதாவின் தனிமை குறித்து அடுத்த கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் நண்பர், முதலில் ஜமுனாமரத்தூர் வரை ஒருமுறை பேருந்தில் வந்து போகட்டும்.